தீ அணைந்த பின்னர்

காட்டுத் தீ மூண்டது என்னும் செய்தி பெரும்பாலும் ஒரு நாள் வந்து ஒரு வாரத்தில் மறைந்துவிடுகிறது. எத்தனை பேர் மாண்டனர், எத்தனை வீடுகள் எரிந்தன, எத்தனை ஏக்கர் காடு கரிந்தது என்ற மூன்று எண்களைத் தெரிந்துகொண்டதும் நம் கவனம் வேறொன்றின்மேல் சென்றுவிடும். ஆனால் வீட்டைப் பறிகொடுத்த குடும்பத்திற்கு அந்த நாள் கணக்கின் முடிவன்று, தொடக்கமே. அன்றிரவு எங்கே படுப்பது என்பதில் தொடங்கி, அடுத்த பருவத்துக்கு விதை எங்கே, பிள்ளைகளுக்குப் பள்ளி எங்கே, எரிந்த பத்திரத்துக்கு நகல் எங்கே, இறந்தவரை நினைத்து அழுவதற்கு நேரம் எங்கே என்று அக்கணக்கு ஆண்டுக்கணக்கில் நீளுகின்றது.

தீயின் கொடுமையை விவரிக்கும் நூல்கள் பல உண்டு. தீ அணைந்த பின்னர் கைகொடுத்தவர்களைப் பற்றி நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. பொருள் எவ்வாறு திரட்டப்பட்டது? அதனை யாருக்கு, யார் பங்கிட்டனர்? அந்த உதவி எத்தனை காலம் நீடித்தது? இம்மூன்று வினாக்களையும் மனத்திற்கொண்டு, கடந்த இருநூறு ஆண்டுகளில் வட அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் நிகழ்ந்த சில பெருந்தீக்களை இங்கே காண்போம். இது முற்றிலும் அயலார் கதை என்று கொள்ள வேண்டியதில்லை. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையின் போதும், 2015ஆம் ஆண்டின் சென்னை வெள்ளத்தின் போதும், பிற மாநிலங்களில் வாழும் தமிழர்கள் தொலைவில் இருந்தபடியே உண்டியல் ஏந்தினர், மூட்டை கட்டினர், ரெயிலில் ஏற்றி அனுப்பினர். தொலைவிலிருந்து கொடுப்பவன் எதை அறிந்திருக்க வேண்டும் என்பதே இவ்வரலாறு நமக்குக் கூறும் செய்தி.

முதலில் 1825ஆம் ஆண்டுக்குச் செல்வோம். இன்று கனடாவின் ஒரு மாகாணமாக விளங்கும் நியூ பிரன்ஸ்விக் அந்நாளில் பிரிட்டிஷ் குடியேற்றங்களில் ஒன்று. அங்கே மிரமிச்சி ஆற்றங்கரையில் மரம் வெட்டிக் கப்பலேற்றும் தொழிலை நம்பி ஊர்கள் எழுந்திருந்தன. மழையில்லாத நீண்ட கோடைக்குப் பின், அக்டோபர் 7ஆம் தேதி இரவு, பெருங்காற்றில் மூண்ட தீ நியூகாசில், டக்ளஸ்டவுன் ஆகிய ஊர்களை விழுங்கியது. சுமார் 160 பேர் மாண்டதாகக் கணக்கிட்டனர். காட்டினுள் முகாமிட்டிருந்த மரவெட்டிகளில் எத்தனை பேர் மடிந்தனர் என்பதை எவராலும் துணிந்து கூற இயலவில்லை. பனிக்காலமோ வாயிலில் வந்து நின்றது.

அது தந்தி இல்லாத காலம். செய்தி கப்பலிலும் குதிரையிலும் சென்றது. ஆயினும் பிரிட்டனிலிருந்தும், அண்டைக் குடியேற்றங்களிலிருந்தும், அமெரிக்க ஐக்கிய நாடுகளிலிருந்தும் பணமும் உணவும் உடையும் வந்து சேர்ந்தன. குடியேற்றத்தின் ஆட்சித் தலைவரான சர் ஹோவர்டு டக்ளஸ் தாமே நேரிற் சென்று நிலைமையைக் கண்டார். பிரிட்டனும் அமெரிக்காவும் ஒன்றோடொன்று போர் புரிந்து ஓய்ந்து பத்தாண்டுகளே ஆகியிருந்தன என்பதை நாம் நினைவுகூர வேண்டும். பகைமையின் வடு ஆறுமுன்னரே எல்லை கடந்து உணவு வந்தது. துன்பம் எல்லை பாராது என்பது பழைய உண்மை. இரக்கமும் எல்லை பாராமல் இயங்கக்கூடும் என்பதற்கு மிரமிச்சி ஒரு சான்று.

ஆயினும் இரக்கத்துக்கு ஒரு குறை உண்டு. அது ஒளி விழும் திசையையே நோக்கும். 1871 அக்டோபர் 8ஆம் தேதி இரவு இதனைத் தெளிவாகக் காட்டியது. அன்றிரவு சிக்காகோ மாநகர் தீக்கிரையாயிற்று. ஏறத்தாழ 300 பேர் மாண்டனர். அதே இரவில், வடக்கே விஸ்கான்சின் மாநிலக் காடுகளில் எழுந்த பெருந்தீ பெஷ்டிகோ என்னும் மரத்தொழில் நகரையும் சுற்றிலுமிருந்த சிற்றூர்களையும் அழித்தது. அங்கே மாண்டோர் குறைந்தது 1,200 பேர். 2,000க்கு மேலும் இருக்கலாம் என்பது அறிஞர் கருத்து. அடையாளம் காட்ட உறவினர் எவரும் எஞ்சாமையால் 350க்கு மேற்பட்ட உடல்கள் ஒரே குழியில் அடக்கம் செய்யப்பட்டன. அமெரிக்க வரலாற்றில் இதைவிட மிகுதியான உயிர்களைக் கொண்ட தீ வேறில்லை. எனினும் உலகம் அறிந்தது சிக்காகோவைத்தான். அங்கே செய்தித்தாள்கள் இருந்தன, தந்திக் கம்பிகள் இருந்தன, வணிகத் தொடர்புகள் இருந்தன. பெஷ்டிகோவின் தந்திக் கம்பியோ தீயில் அறுந்துவிட்டது.

செய்தி மாநிலத் தலைநகரான மாடிசனை எட்டிய போது ஆளுநர் பேர்சைல்டு அங்கே இல்லை. சிக்காகோவுக்கு நிவாரணப் பொருள் கொண்டு அவரும் அதிகாரிகளும் முன்னரே சென்றிருந்தனர். அப்போது பொறுப்பைத் தம் கையில் எடுத்துக்கொண்டவர் ஆளுநரின் மனைவி பிரான்சிஸ் பேர்சைல்டு அம்மையார். அவருக்கு வயது 24. அரசாங்கத்தில் எந்தப் பதவியும் வகியாத அவர், சிக்காகோவுக்கென நிரப்பப்பட்டிருந்த ரெயில் பெட்டியை வடக்கே திருப்பி அனுப்பச் செய்தார். அதில் கம்பளங்கள் இல்லை என்பதை அறிந்ததும், மாடிசன் நகரத்துப் பெண்டிரைத் தத்தம் வீட்டுக் கம்பளங்களைக் கொண்டுவரச் சொல்லி அப்பெட்டியில் ஏற்றினார். பெருநகரத்தின் அழுகுரலில் சிற்றூரின் முனகல் கேளாமற் போகும். அதனைக் கேட்பதற்கென ஒருவர் செவிசாய்க்க வேண்டியிருக்கிறது.

சிக்காகோவுக்கு வந்த நன்கொடை ஏறத்தாழ 50 லட்சம் டாலர். அந்நாளில் அது மலைக்கத்தக்க தொகை. நகர மேயர் அப்பணத்தை அங்கிருந்த நிவாரணச் சங்கத்திடம் ஒப்படைத்தார். சங்கத்தார் திறமையாகவே பணியாற்றினர். நிலம் வைத்திருந்தோர்க்கும் குத்தகைக்கு எடுத்திருந்தோர்க்கும் பலகைகளாலான சிறு வீடுகளை ஆயிரக்கணக்கில் கொடுத்தனர். ஆனால் உதவி கேட்டு வந்தவரை விசாரணைக்கு மேல் விசாரணை செய்து, தகுதியுள்ளவர், தகுதியற்றவர் என்று பிரித்தனர். இதனால் ஏழை மக்களிடையே மனக்கசப்பு வளர்ந்தது. 1873ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் வேலையிழந்தோர் திரண்டு சென்று, செலவாகாமல் சங்கத்திடம் எஞ்சியிருந்த நிதியைத் தங்களுக்கு வழங்குமாறு முழக்கமிட்டனர். கொடுத்தவர்கள் தொலைவில் இருந்தார்கள். பெற வேண்டியவர்கள் வாயிலில் நின்றார்கள். இருவருக்கும் இடையே பேரேட்டைக் கையில் வைத்திருந்தவர்கள் சிலர். அன்று தொடங்கிய இச்சிக்கல் இன்றும் தீர்ந்துவிடவில்லை.

பத்தாண்டுகள் சென்றன. 1881 செப்டம்பர் 5ஆம் தேதி மிச்சிகன் மாநிலத்தில், கட்டைவிரல் போல் நீரினுள் நீண்டிருக்கும் நிலப்பகுதியில் மீண்டும் தீ மூண்டது. அதே பகுதி 1871லும் எரிந்ததுதான். அத்தீயில் பட்டுப்போன மரங்களும், மரம் வெட்டுவோர் விட்டுச்சென்ற கிளைகளும் தழைகளும் பத்தாண்டுகளாகக் காய்ந்து கிடந்தன. பத்து லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் எரிந்தது. 282 பேர் உயிரிழந்தனர். அவ்வாண்டு மே மாதத்தில்தான் கிளாரா பார்ட்டன் அம்மையார் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தைத் தோற்றுவித்திருந்தார். அதன் முதற் கிளை நியூயார்க் மாநிலத்து டான்ஸ்வில் என்னும் சிற்றூரில் ஆகஸ்டு 22ஆம் தேதி அமைக்கப்பட்டது. தீ மூண்டதோ அதற்கு இரண்டு வாரங்களுக்குப் பின்.

செஞ்சிலுவைச் சங்கம் என்பது போர்க்களத்தில் காயமுற்றோர்க்கு மருந்திடவே ஐரோப்பாவில் பிறந்தது. போரில்லாக் காலத்துத் துன்பங்களிலும் அது பணியாற்ற வேண்டும் என்பது பார்ட்டன் அம்மையாரின் கொள்கை. மிச்சிகன் தீ அக்கொள்கைக்கு வாய்த்த முதற் சோதனை. டான்ஸ்வில் போன்ற ஊர்களில் பணமும் பண்டமும் சேர்ந்தன. மருத்துவ மாணவரான ஜூலியன் ஹப்பெல் களத்துக்கு அனுப்பப்பட்டார். அமெரிக்க அரசாங்கம் ஜினீவா உடன்படிக்கையை ஏற்றது 1882இல்தான். பேரிடர்களிலும் சங்கம் உதவலாம் என்னும் அமெரிக்கரின் திருத்தத்தை உலக மாநாடு ஏற்றது 1884இல். ஆகவே சட்டமும் உடன்படிக்கையும் தோன்றுமுன்னரே செயல் தோன்றிவிட்டது. இன்று உலகெங்கும் பேரிடர்களில் நாம் காணும் செஞ்சிலுவைப் பணியின் வேர்களுள் ஒன்று எரிந்துபோன ஒரு காட்டில் ஊன்றியிருக்கிறது.

இனி, உதவி எத்தனை காலம் நீடிக்க வேண்டும் என்னும் வினாவுக்கு வருவோம். இதற்கு 1918ஆம் ஆண்டின் மினசோட்டாத் தீயைப்போல் தெளிவான பாடம் வேறில்லை. அவ்வாண்டு அக்டோபர் 12ஆம் தேதி, வறண்ட இலையுதிர்காலத்தில், இருப்புப்பாதை ஓரங்களில் பல இடங்களில் தீ பற்றிப் பெருங்காற்றில் ஒன்றாயிற்று. ரெயில் இஞ்சின்களிலிருந்து பறந்த பொறிகளே அவற்றுட் பலவற்றிற்குக் காரணம். கிளாக்கெட் என்னும் மரத்தொழில் நகரம் எரிந்தது. மூஸ் லேக் வட்டாரத்தில், பின்லாந்திலிருந்து வந்து காடு திருத்திக் குடியேறிய உழவர் பலர் தப்பியோடும் வழியிலேயே மாண்டனர். மொத்தம் 453 உயிர்கள் பலியாயின. கிளாக்கெட் நகரத்தாரில் பெரும்பாலோர் பிழைத்ததற்குக் காரணம், தீ நெருங்குமுன் ரெயில் பெட்டிகளில் அவர்களை ஏற்றிச் சென்றதுதான். தீயை மூட்டியதும் இருப்புப்பாதை, மக்களைக் காத்ததும் இருப்புப்பாதை!

அது முதல் உலகப் போரின் இறுதி மாதம். விஷக் காய்ச்சல் உலகெங்கும் பரவியிருந்த காலமும் அதுவே. இருப்பினும் துலூத், சுபீரியர் ஆகிய அண்டை நகரத்தார் வீடுகளையும் பள்ளிகளையும் தேவாலயங்களையும் திறந்துவிட்டனர். ஒரே கூரையின்கீழ் நெருங்கிப் படுத்தால் காய்ச்சல் தொற்றும் என்பதை அறிந்தும் திறந்தனர். மாநில ஆளுநர் பர்ன்குவிஸ்ட் நிவாரணக் குழுவொன்றை அமைத்தார். செஞ்சிலுவைச் சங்கம் உடன் நின்றது. பனி விழுமுன் சிறு மரக்குடில்கள் எழுந்தன. இது முதற் பகுதி. இங்கே கதை முடிந்திருந்தால் அது ஓர் அழகிய கதையாக இருந்திருக்கும்.

ஆனால் அடுப்பும் கம்பளமும் கிடைத்தவுடன் பண்ணை மீண்டுவிடுமா? மாடும் ஏரும் களஞ்சியமும் வேண்டும். இழப்பீடு கோரி மக்கள் நீதிமன்றம் சென்றனர். போரின் பொருட்டு ரெயில்வேக்கள் அந்நாளில் மத்திய அரசாங்கத்தின் நிர்வாகத்தில் இருந்தன. எனவே உழவன் எதிர்கொண்டது அரசாங்கத்தையே. பல தீக்கள் ஒன்றாகக் கலந்துவிட்டபோது எந்தத் தீ எந்த வீட்டை எரித்தது என்று யார் கூற இயலும்? எதிர்த்தரப்பு எழுப்பிய இவ்வாதத்திற்கு 1920இல் மினசோட்டா மாநில உச்ச நீதிமன்றம் விடை கூறியது. வேறு தீக்களுடன் கலந்துவிட்டபோதிலும், ரெயில்வே மூட்டிய தீ அழிவுக்கு முக்கியக் காரணமாய் இருந்திருக்குமாயின் பொறுப்பு நீங்காது என்பது தீர்ப்பு. சட்டக் கல்லூரிகளில் இவ்வழக்கு இன்றும் பாடமாக விளங்குகிறது.

தீர்ப்பு வந்தது. பணம் முழுமையாக வரவில்லை. இழப்பில் ஒரு பகுதியைப் பெற்றுக்கொண்டு கணக்கைத் தீர்த்துக்கொள்ளுமாறு மக்கள் நெருக்கப்பட்டனர். கையில் காசில்லாதவன் பேரம் பேச இயலாது. பலர் கிடைத்ததைப் பெற்றுக்கொண்டனர். ஆனால் அவர்கள் ஓய்ந்துவிடவில்லை. பாதிக்கப்பட்டோர் ஒன்றுகூடி, தங்கள் பிரதிநிதிகள் வாயிலாக ஆண்டுதோறும் வாஷிங்டனில் முறையிட்டனர். 1935ஆம் ஆண்டில்தான் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் எஞ்சிய தொகையை வழங்குவதற்கான சட்டத்தில் கையெழுத்திட்டார். இடையில் 17 ஆண்டுகள் கடந்துவிட்டன. தாயின் இடுப்பில் அமர்ந்து ரெயிலேறித் தப்பிய குழந்தை அப்போது வாலிபப் பருவத்தை எய்தியிருக்கும். தீயில் வீடிழந்த முதியவர் பலர் அந்நாளைக் காண உயிரோடு இல்லை. நீதி கிடைத்தது. காலத்தில் கிடைக்கவில்லை.

இப்பொழுது ஆஸ்திரேலியாவை நோக்குவோம். அந்நாட்டின் தென்கிழக்கிலுள்ள விக்டோரியா மாநிலம் உலகில் காட்டுத் தீயின் அச்சம் மிகுந்த நிலப்பகுதிகளுள் ஒன்று. 1939 ஜனவரி 13ஆம் தேதி உச்சநிலையை எய்திய தீயில் 71 பேர் மாண்டனர். நீதிபதி லியோனார்டு ஸ்ட்ரெட்டன் தலைமையில் விசாரணைக் கமிஷன் அமைந்தது. தீக்கு இயற்கையைவிட மனிதன் கையே காரணம் என்று அவர் கண்டார். அதன் பயனாகக் கிராமத் தீயணைப்புப் பணிகளை ஒருங்கிணைக்கும் அமைப்பு 1945இல் செயற்படத் தொடங்கிற்று. 1967 பிப்ரவரி 7ஆம் தேதி டாஸ்மேனியாத் தீவில் 62 பேர் உயிரிழந்தனர், 7,000க்கு மேற்பட்டோர் வீடிழந்தனர். 1983 பிப்ரவரி 16ஆம் தேதி விக்டோரியாவிலும் தென் ஆஸ்திரேலியாவிலும் சேர்த்து 75 பேர் மாண்டனர்.

இவையெல்லாவற்றையும் மிஞ்சியது 2009ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் தேதி. அன்று மெல்போர்னில் வெப்பம் 46.4 டிகிரி செல்சியசை எட்டியது. மேரிஸ்வில், கிங்லேக், ஸ்ட்ராத்தெவன் முதலிய ஊர்கள் எரிந்தன. 173 பேர் மாண்டனர். 2,000க்கு மேற்பட்ட வீடுகளும், ஏறத்தாழ 4,50,000 ஹெக்டேர் நிலமும் தீக்கு இரையாயின. ஸ்ட்ராத்தெவன் என்னும் சிற்றூர் மட்டும் 27 உயிர்களை இழந்தது. சில நூறு பேரே வாழும் ஓரூரில் 27 பேர் என்றால், துக்கம் விசாரிக்கச் செல்லும் வீட்டாரும் துக்க வீட்டாராகவே இருப்பர் என்பது பொருள்.

ஆஸ்திரேலிய மக்கள் அள்ளிக் கொடுத்தனர். செஞ்சிலுவைச் சங்கமும் அரசாங்கங்களும் இணைந்து அமைத்த விக்டோரியா நிவாரண நிதிக்கு 37 கோடி டாலருக்கு மேல் சேர்ந்தது. அதனைப் பங்கிடும் முறையை ஆராய்ந்து கூற ஓர் ஆலோசனைக் குழு அமைக்கப்பட்டது. ஓட்டப் பந்தயத்தில் உலகப் புகழ் பெற்றவரும், அம்மாநிலத்தின் ஆளுநராக விளங்கியவருமான ஜான் லாண்டி அதன் தலைவர். அவர் முன் வந்த வினாக்கள் ஒவ்வொரு நிவாரணக் குழுவின் முன்னும் வருபவையே. காப்புறுதி செய்தவருக்கும் செய்யாதவருக்கும் ஒரே அளவா? சொந்த வீட்டுக்காரருக்கும் வாடகைக்குக் குடியிருந்தவருக்கும் ஒரே அளவா? வீடு எரியாமல் பிழைப்பு மட்டும் எரிந்தவனுக்கு என்ன? ஊரைவிட்டே சென்றுவிட்டவன் இன்னும் ஊரானா? இவற்றுக்கு அனைவரும் ஒப்பும் விடை கிடையாது. விடை எதுவாயினும் அதனை வெளிப்படையாக, காரணத்தோடு கூறுவதே நிதியாளரின் கடமை.

பணத்தோடு பண்டமும் வந்தது. நாடெங்கிலுமிருந்து 40,000 பலகைத் தட்டுகளில் அடுக்கத்தக்க பொருள்கள் வந்து குவிந்தன. அவற்றை வைக்க 50,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கிடங்கு இடம் தேவைப்பட்டது. பிரிக்கவும் அடுக்கவும் ஊதியம் பெறும் பணியாளரும் நூற்றுக்கணக்கான தொண்டர்களும் மாதக்கணக்கில் உழைத்தனர். கொடுத்த உள்ளங்களில் குறையில்லை. ஆனால் வீடே இல்லாதவன் பத்துப் போர்வைகளை எங்கே வைப்பான்? ஊரிலுள்ள கடைகளோ இலவசப் பொருள்களின் முன் விற்பனை இழந்து தவிக்கும். அதே பொருளை அவ்வூர்க் கடையில் வாங்கும்படி பணமாகக் கொடுத்திருந்தால் வாங்கியவனும் பிழைத்திருப்பான், விற்றவனும் பிழைத்திருப்பான். பேரிடர் நேருங்கால் பண்டத்தைவிடப் பணமே மேல் என்று ஆஸ்திரேலிய அதிகாரிகள் பின்னர் வற்புறுத்தியதன் காரணம் இதுதான்.

புனரமைப்புக்கெனத் தனி ஆணையம் ஒன்று அமைந்து 2011 வரை பணிபுரிந்தது. மேரிஸ்வில், கிங்லேக், பிளவர்டேல் முதலிய இடங்களில் தற்காலிகக் குடியிருப்புகள் எழுந்தன. ஊர்தோறும் மக்களே கூடி மீட்புக் குழுக்களை நடத்தினர். எரிந்த மன்றத்தை எப்படிக் கட்டுவது, நினைவிடத்தை எங்கே அமைப்பது என்பவற்றையெல்லாம் அவர்களே விவாதித்தனர். விவாதங்களில் சண்டையும் இருந்தது. பிறர் முடிவு செய்து கொடுக்கும் அமைதியைவிட, தாமே கூடி முடிவு செய்யும் சண்டை ஊருக்கு நல்லது எனலாம்.

மெல்போர்ன் பல்கலைக்கழகத்தார் இம்மக்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து ஆராய்ந்தனர். பெரும்பாலோர் மெல்ல மெல்லத் தேறினர் என்பது அவர்கள் கண்ட நற்செய்தி. ஆனால் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட ஊர்களில், ஐந்து ஆண்டுகள் சென்ற பின்னும் ஐவரில் ஒருவருக்கு மேல் மனநோயின் அறிகுறிகள் காணப்பட்டன. சாதாரண மக்களிடையே இருப்பதைப்போல் இது ஏறத்தாழ இரு மடங்கு. ஊர்ச் சங்கங்களிலும் குழுக்களிலும் கலந்துகொண்டோர் மற்றவரைவிட நலமாயிருந்தனர் என்பதும் அவ்வாராய்ச்சியிற் புலனாயிற்று. மீட்புத் திட்டம் ஐந்தாண்டுகளையேனும் எல்லையாகக் கொள்ள வேண்டும் என்று அவர்கள் பரிந்துரைத்தனர். தீயொன்றுக்குக் காரணமாயிருந்த மின்கம்பி பற்றிய வழக்கில் 49 கோடி டாலருக்கு மேற்பட்ட இழப்பீடு ஒப்புக்கொள்ளப்பட்டது 2014இல். அது மக்கள் கைக்கு முழுதும் வந்து சேர மேலும் காலம் சென்றது. மினசோட்டாவின் 17 ஆண்டுகள் குறைந்துள்ளன. காத்திருத்தல் ஒழிந்தபாடில்லை.

அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்றையும் கூறுவோம். 2019ஆம் ஆண்டின் இறுதியிலும் 2020இன் தொடக்கத்திலும் ஆஸ்திரேலியாவின் பெரும்பரப்பு எரிந்தது. செலஸ்ட் பார்பர் என்னும் நகைச்சுவை நடிகையார் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துக் கிராமத் தீயணைப்புப் படையின் அறக்கட்டளைக்கு 30,000 டாலர் திரட்ட விரும்பி ஒரு வேண்டுகோள் விடுத்தார். சேர்ந்ததோ 5 கோடியே 10 லட்சம் டாலர்! வீடிழந்தோர்க்கும் காயமுற்ற விலங்குகளுக்கும் அதிற் பங்குண்டு என்று கொடுத்தோர் பலர் எண்ணினர். நடிகையாரும் அவ்வாறே பகிர்ந்தளிக்க விரும்பினார். ஆனால் 2020 மே மாதத்தில் அம்மாநில உச்ச நீதிமன்றம், அறக்கட்டளைப் பத்திரத்திற் கண்ட நோக்கங்களுக்கு அப்பால் அப்பணத்தைச் செலவிட இயலாது என்று தீர்ப்பளித்தது. தீயணைப்போரின் கருவிகளுக்கும் பயிற்சிக்கும், பணியில் மாண்ட வீரர்தம் குடும்பங்களுக்கும் செலவிடலாம். வீடிழந்தோர்க்குக் கொடுத்தல் ஆகாது. உண்டியலின்மேல் என்ன எழுதியிருக்கிறதோ அதற்கே உண்டியல் கட்டுப்படும். கொடுத்தவர் மனத்தில் என்ன எழுதியிருந்தது என்று சட்டம் பாராது.

இவ்வளவையும் தொகுத்துப் பார்க்குமிடத்து நமக்குப் புலப்படுவன யாவை? வேண்டுகோளின் சொற்கள் தெளிவாயிருத்தல் வேண்டும். சிக்காகோவின் ஒளியில் பெஷ்டிகோவை மறத்தலாகாது. பெறுபவரைக் குற்றவாளியைப்போல் விசாரித்தலாகாது. பங்கீட்டில் அவ்வூராருக்கே குரல் வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, உதவி ஆண்டுக்கணக்கில் நிலைத்தல் வேண்டும்.

நம் நாட்டிலும் இவ்வழி புதியதன்று. பாகிஸ்தானிலிருந்து வீடிழந்து வந்தோர்க்கெனப் பண்டித நேருவின் வேண்டுகோளின்பேரில் 1948 ஜனவரியில் பொதுமக்கள் நன்கொடையால் தோன்றிய பிரதம மந்திரி தேசிய நிவாரண நிதி, பின்னர் இயற்கைச் சீற்றங்களுக்கும் கைகொடுத்து வருகிறது. தமிழர் வாழ்விலோ இதற்கு இன்னும் பழைய இரண்டு மரபுகள் உண்டு. ஒன்று மொய். மற்றொன்று பிடியரிசி. கலியாண வீட்டில் மொய் எழுதுகிறவன் பிச்சை இடுவதாக எண்ணுவதில்லை, வாங்குகிறவனும் தலை குனிவதில்லை. இன்று உனக்கு, நாளை எனக்கு என்னும் சமநிலை அதில் அமைந்திருக்கிறது. நிவாரணம் அந்த மனநிலையில் வழங்கப்படல் வேண்டும். ஆயின் மொய் ஒரு நாளோடு முடிந்துவிடும். பிடியரிசியோ அடுப்பில் உலை வைக்கும் ஒவ்வொரு நாளும் ஒரு கைப்பிடியை எடுத்து வைப்பது. அளவிற் சிறிது, ஆனால் தவறாது. எரிந்த ஊருக்கு முதல் வாரத்தில் வேண்டியது மொய். மூன்றாம் ஆண்டிலும் ஐந்தாம் ஆண்டிலும் வேண்டியது பிடியரிசி.

டில்லியிலோ பம்பாயிலோ கல்கத்தாவிலோ வாழும் நம் சங்கங்களில் பேரிடர் நேர்ந்ததும் நிதிப் பட்டியல் ஒன்று எழுதப்படும். தொகை அனுப்பியதும் ரசீதைக் கோத்து அலமாரியில் வைத்துவிடுவோம். அப்பட்டியலை மறு ஆண்டும் அதே மாதத்தில் எடுத்துப் பார்க்கும் வழக்கம் நமக்கு வேண்டும். தொகையில் ஒரு பங்கை முதலிலேயே ஒதுக்கி, அவ்வூரில் கட்டிய வீடு எழுந்ததா, பிள்ளை பள்ளி செல்கிறதா, விதவையின் வழக்கு முடிந்ததா என்று கடிதம் எழுதிக் கேட்டு, அதற்கேற்ப அனுப்புதல் வேண்டும். மாடிசன் நகரத்துப் பெண்டிர் தம் படுக்கையிலிருந்து எடுத்துக் கொடுத்த கம்பளம் ஓர் இரவுக் குளிரைப் போக்கியது. மினசோட்டா உழவர் 17 ஆண்டுகள் விடாது கேட்டு ஒரு தலைமுறையின் கணக்கைத் தீர்த்தனர். கம்பளம் கொடுக்க நாம் என்றும் தயங்கியதில்லை. கூடவே காத்திருக்கவும் நாம் பழகிக்கொள்ள வேண்டும்.